நாமினியும் உயிலும்: ஆயுள் காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

சோழவந்தானில் நெல் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள குடும்பங்களில், நிலத்தைப் பாகம் பிரிக்கப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால், குடும்பத் தலைவர் இறந்தபின் பயிர்க்கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் விரைவில் கைக்கு வரும் பணமாக ஆயுள் காப்பீட்டுத் தொகையே அமையக்கூடும். அத்தொகையைப் பெறுவதற்காகப் பாலிசியில் பெயர் குறிக்கப்படுபவரே நாமினி, அதாவது நியமனதாரர். அவர் வாரிசுகளின் சார்பில் பணத்தைப் பெறுபவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1984இல் சர்பதி தேவி வழக்கில் தீர்ப்பளித்தது. காப்பீட்டுச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது என்கிறபோதிலும், அதன் பின்னரும் வழக்குகள் எழுவதால், உயிலில் பாலிசி எண்ணையும் பெறுவோர் பெயரையும் நாமினிப் பதிவுடன் முரண்படாமல் எழுதிவைப்பதே பாதுகாப்பு.

கடன்சுமை உள்ளோர் அவசியம் அறியவேண்டியது, 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம்: அதன் 6ஆம் பிரிவின்படி கணவர் தம் உயிர்மீது மனைவி, மக்கள் நலனுக்காக எடுக்கும் பாலிசி, அவர்களுக்காகக் காத்துவைக்கப்படும் பொறுப்புச் சொத்தாகக் கருதப்படுவதால், ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை, கடன் கொடுத்தவர்கள் அதன்மேல் உரிமை கோர இயலாது. பாலிசி எடுக்கும்போதே இப்பிரிவைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். நாமினி 18 வயது நிரம்பாதவரானால், அவர் சார்பில் பணம் பெற வயதுவந்த ஒருவரின் பெயரையும் பதிந்துவைக்க வேண்டும்.