புராஸ்டேட் ஸ்கேனுக்குப் போகிறீர்களா?

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், புராஸ்டேட் சுரப்பி எவ்வளவு பெருத்திருக்கிறது, சிறுநீர் கழித்த பின்னும் பையில் எவ்வளவு தங்குகிறது என்று காட்டும். புற்றுநோய் இல்லை என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்ததும், டாக்டர் எழுதிக் கொடுத்த பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆசனவாய் வழி ஸ்கேனில் விரல் பருமனுள்ள கருவிக்கு உறை மாட்டி, ஜெல் தடவிச் செலுத்துவார்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை நிதானமாக விட்டால் தசை தளரும். பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிட வேலைதான். அப்பாவோ மாமாவோ கூச்சப்பட்டால் யாராவது கூடவே போங்கள்.

ரிப்போர்ட்டில் சுரப்பியின் அளவு இருக்கும்; பி.எஸ்.ஏ. எண்ணை அதால் வகுத்துப் பார்ப்பார்கள். பி.எஸ்.ஏ. 6, அளவு 60 மி.லி. என்றால் வகுத்து வருவது 0.1. அதே 6, 30 மி.லி. சுரப்பியில் 0.2. வகுத்து வரும் எண் 0.15-ஐத் தாண்டினால் சந்தேகம் கூடும், எம்.ஆர்.ஐ., பயாப்ஸி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பயாப்ஸி என்றால், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பிறகு சில நாள் சிறுநீரில் லேசாக ரத்தம் வரலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.