மணல் தட்டும் பூனைக்குட்டியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டுக்குப் புதிதாக வந்த பூனைக்குட்டி, கழிப்பதற்கென்று வைத்த மணல் தட்டை விட்டுவிட்டு மிதியடியிலும் மெத்தை மூலையிலும் சிறுநீர் கழிக்கும்போது, அதைப் பழக்கவே முடியாது என்று முடிவுகட்டி எடுத்த தெருவிலேயே மீண்டும் விட்டுவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. கடைகளில் லிட்டர் பாக்ஸ் என்று வழங்கும் இந்தத் தட்டைக் குட்டி தவிர்ப்பதற்கான காரணம் பெரும்பாலும் தட்டிலோ, அது இருக்கும் இடத்திலோ, குட்டியின் உடல்நிலையிலோ இருக்கிறது. அதைக் கண்டறிவதற்குத் தடையாக நிற்கும் ஆறு நம்பிக்கைகள் இங்கே ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை 1: தாயிடம் வளராத குட்டிக்கு மணலில் கழிக்கும் பழக்கம் வராது.

உண்மை: பிறந்து ஏறத்தாழ 3 வாரம் வரை குட்டியால் தானாகக் கழிக்க இயலாது, தாய்ப்பூனை அதன் பின்பகுதியை நக்கித் தூண்டும்போதுதான் சிறுநீரும் மலமும் வெளியேறும் என்பதால், தாயை இழந்த குட்டிகளுக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி அந்த வேலையை வளர்ப்பவரே செய்ய வேண்டியிருக்கிறது. அதன்பின் 4ஆம் வாரம் நெருங்கும்போது, இளகிய மண்ணையோ மணலையோ கண்டால் முன்னங்காலால் பறிக்கும் இயல்பு, தாய் அருகில் இல்லாத குட்டியிடமும் தானாகவே வெளிப்படுகிறது. வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனையின் வழிவந்த உயிருக்கு இது பிறவிக்குணம். ஆகவே பழக்குதல் என்பது, ஏற்கெனவே உள்ள இயல்புக்கு உரிய இடத்தைக் காட்டுவதேயாகும். உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் அனிச்சைச் செயலின் காரணமாகச் சாப்பிட்டு முடித்த சற்று நேரத்திலும், அதுபோலவே தூங்கி எழுந்தவுடனும் விளையாடி ஓய்ந்தபின்னும் குட்டியைத் தட்டில் இறக்கிவிட்டு விலகி நிற்பது போதுமானது. அதன் காலைப் பிடித்து மணலைப் பறிக்க வைத்தால், தட்டு என்றாலே பிடிபடும் இடம் என்ற அச்சம்தான் மிஞ்சும்.

நம்பிக்கை 2: கழித்த இடத்தில் மூக்கைத் தேய்த்தால் புத்தி வரும்.

உண்மை: ஒரு செயலையும் அதன் விளைவையும் பூனை இணைத்துப் பார்ப்பது சில நொடிகளுக்குள் மட்டுமே. அரை மணி நேரத்துக்கு முன் நிகழ்ந்த ஒன்றுக்காக இழுத்துவரப்பட்ட குட்டி, தன்னைப் பிடித்த கையையே ஆபத்து என்று அறிந்துகொள்கிறது. அது காதை மடக்கிப் பதுங்குவதைக் குற்ற உணர்வு என்று பலர் எண்ணினாலும் உண்மையில் அது அச்சத்தின் அடையாளமே. அஞ்சிய குட்டி அடுத்த முறை பீரோவுக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ ஒளிந்து கழிக்குமே தவிர மணலைத் தேடிப் போகாது.

நம்பிக்கை 3: பினாயில் ஊற்றிக் கழுவினால் மறுபடியும் அங்கே போகாது.

உண்மை: தமிழ் வீடுகளில் வேரூன்றிய இந்த வழக்கம்தான் இவை அனைத்திலும் ஆபத்தானது. கருப்பு பினாயிலில் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பீனால் வகைச் சேர்மங்கள் உள்ளன. இத்தகைய நச்சுகளுடன் குளுக்குரோனிக் அமிலத்தைப் பிணைத்து, நீரில் கரைந்து வெளியேறும்படி செய்வது கல்லீரலின் பணி. மனிதரிடம் இயல்பாக நடக்கும் இவ்வேலைக்குத் தேவையான நொதிகளுள் ஒன்றின் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டதால், பீனால்கள் அதன் உடலில் தங்கித் தீங்கு விளைவிக்கின்றன. துடைத்த தரையில் நடந்த குட்டி சிறிது நேரத்தில் ஓரிடத்தில் அமர்ந்து, விரல்களை விரித்து, உள்ளங்காலை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்யும்போது, தரையில் இருந்த நஞ்சு அதன் வாய்க்குள் போகிறது. வெள்ளை பினாயிலில் சேர்க்கப்படும் பைன் எண்ணெயும், மூலைகளில் போடப்படும் அந்துருண்டையும் பூனைக்கு நஞ்சாகும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோ, சிறுநீர் சிதையும்போது எழும் வாடையையே ஒத்திருப்பதால், குட்டியை அதே இடத்துக்கு அழைத்து வரக்கூடும். நொதி கலந்த சலவைத்தூளைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, பிறகு நல்ல நீரால் கழுவி உலரவிடுவதே ஏற்ற வழி.

நம்பிக்கை 4: நறுமண மணலும் மூடிய பெட்டியும் வாங்கினால் குட்டி தானாகப் பழகிவிடும்.

உண்மை: 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், சாம்பலுக்கும் மணலுக்கும் மாற்றாக, ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகளைப் பூனைகளுக்கென விற்கத் தொடங்கியதிலிருந்து இந்த வணிகம் பெருகியது, ஆனால் சேர்க்கப்படும் வாசனை மனித மூக்குக்காகவே. மனிதரைக் காட்டிலும் பன்மடங்கு கூரிய மோப்பம் உடைய குட்டிக்கு அது விலக்கும் வாடையாகவே அமையக்கூடும். ஈரம் பட்டால் கட்டியாக இறுகும் பென்டொனைட் களிமண்ணை, எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்குத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இறுகாத, மணமற்ற, மென்மையான துகளோ சலித்த மணலோ 3 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு இருந்தால் போதும். குட்டி எளிதில் ஏறும்படி தட்டின் ஒரு பக்கமாவது தாழ்ந்திருக்க வேண்டும். மணல் பிடித்திருந்தால் குட்டி முகர்ந்து, பறித்து, திரும்பி அமர்ந்து கழித்தபின், மீண்டும் முகர்ந்து மூடுகிறது; பிடிக்காத குட்டியோ விளிம்பில் காலை ஊன்றி நின்று, பாதத்தை உதறிவிட்டு, மூடாமலேயே தாவி ஓடுகிறது.

நம்பிக்கை 5: பிடிவாதத்தாலும் பழிவாங்கும் எண்ணத்தாலும்தான் வெளியே கழிக்கிறது.

உண்மை: கழிக்கும்போது வலித்தால், வலியின் காரணத்தைத் தட்டின்மேல் ஏற்றி அதை விலக்குவது பூனையின் வழக்கம். பாசத்தோடு கிண்ணத்தில் ஊற்றப்படும் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைப் பல குட்டிகளால் செரிக்க இயலாததால் வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது; குடற்புழுக்களாலும் அவ்வாறே நேரும். அந்நிலையில் தட்டு வரை போய்ச்சேரும் அவகாசமே குட்டிக்கு இருப்பதில்லை. அடிக்கடி அமர்ந்து முக்கியும் சிறுநீர் வராமலோ சொட்டாகவோ வந்தால், குறிப்பாக ஆண் பூனையிடம், அது சிறுநீர்க்குழாய் அடைப்பாக இருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நம்பிக்கை 6: முதல் நாளிலிருந்தே வீடு முழுவதும் சுற்றவிட்டால் விரைவில் பழகும்.

உண்மை: சின்னஞ்சிறு குட்டிக்கு இரண்டு அறை தாண்டிப் போவது நெடுந்தொலைவு, நடுவழியில் எதிர்ப்படும் மென்மையான மிதியடியே அதற்கு மணலாகிவிடுகிறது. முதல் சில நாட்கள் ஒரே அறையில், உணவும் தண்ணீரும் ஒரு மூலையிலும், தட்டு மறு மூலையிலுமாக வைத்து, துணி துவைக்கும் இயந்திரம்போல் திடீரென்று ஒலி எழுப்பும் எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பதும், கழிவை நாள்தோறும் அள்ளிவிடுவதும் பொதுவான விதிகள். அழைக்காமலே குட்டி தட்டுக்குப் போய்வரத் தொடங்கியபின் அடுத்த அறையைத் திறக்கலாம். மீண்டும் தவறினால், தண்டிக்காமல் ஓர் அறை பின்வாங்கித் தொடர்வதே போதுமான திருத்தமாகும்.