பற்றரியின் அளவை இரவைக் கொண்டு கணிப்பிடுங்கள்

1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். ரோர்ச் பற்றரிகூட அன்று தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். இன்று சூரியத் தகடும் பற்றரியும் கடையில் கிடைக்கின்றன. இடம்பெயர்ந்து, மீண்டும் காணிக்குத் திரும்பி, மின்கம்பம் வரும்வரை கொட்டிலில் இருக்கும் குடும்பத்திற்கு இவை பெரிய உதவி. ஆனால் அளவு தவறினால் கடன்பட்டு வாங்கிய பற்றரி ஓரிரு மாரியிலேயே பழுதாகிவிடும்.

"எத்தனை வாற் தகடு?" என்றே பலரும் முதலில் கேட்கிறார்கள். தகடு நீர் இறைக்கும் இயந்திரம் என்றால் பற்றரிதான் தொட்டி. தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது இரவுச் செலவு. ஆகவே அதிலிருந்து தொடங்குவோம்.

ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். 5 வாற் எல்.ஈ.டி. குமிழ் இரண்டு, 4 மணித்தியாலம்: 40 வாற்-மணி. விடியும்வரை எரியும் 3 வாற் குமிழ் ஒன்று, 10 மணித்தியாலம்: 30. கைத்தொலைபேசி இரண்டுக்கு 30. 5 வாற் வானொலி 4 மணித்தியாலம்: 20. மொத்தம் 120 வாற்-மணி. இதை 12 வோல்ற்றால் வகுத்தால் 10 அம்பியர்-மணி. இது ஓர் இரவுக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடினால் ஒரு நாளில் திறப்பதில்லை. 2008 நவம்பரின் நிஷா புயலை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். பத்துக் கன்னியரின் உவமையிலும் புத்தியுள்ள ஐவர் கொண்டுபோனது பெரிய விளக்கை அல்ல, மேலதிக எண்ணெயை. வெயிலற்ற இரண்டு நாட்களையும் சேர்த்து மூன்று இரவுக்குக் கணக்கிடுவோம்: 30 அம்பியர்-மணி.

இனித்தான் முக்கியமான படி. எமது கிணறுகளில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறி, கிணறே கெட்டுவிடும். ஈய-அமிலப் பற்றரியும் அப்படியே. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் தட்டுகளில் சல்பேற்று இறுகி, கொள்ளளவு திரும்பாது போய்விடும். ஆகவே 30ஐ இரட்டித்து 60 ஆக்குங்கள். முதுமைக்கும் இழப்புக்கும் கால்வாசி கூட்டினால் 75 அம்பியர்-மணி. விளக்கு தானாக அணையும்வரை காத்திருக்க வேண்டாம். மலிவான கொன்றோலர்கள் பாதியைத் தாண்டி வெகுநேரம் சென்றே துண்டிக்கின்றன. ஓய்விலிருக்கும் பற்றரி 12.2 வோல்ற் காட்டினால் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிட்டது.

இதனுடன் 15 வாற் விசிறியொன்றை 8 மணித்தியாலம் ஓட்டினால் இன்னொரு 120 வாற்-மணி. அதாவது ஒரு விசிறி, வீட்டின் மற்ற எல்லாச் செலவுக்கும் சமம். பற்றரியும் இரட்டிக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது நியாயமான செலவே. மற்றவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

தகட்டைப் பொறுத்தவரை, இந்தச் சிறு வீட்டுக்கு 100 வாற் போதும். மழை விட்டபின் அன்றைய செலவையும் கொடுத்து, குறைந்த பற்றரியையும் இரண்டொரு நாளில் நிரப்பிவிடும்.

லொறி, கார் பற்றரி மலிவு என்று வாங்காதீர்கள். அதன் மெல்லிய தட்டுகள் இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணச் சில வினாடி பெருமின்னோட்டம் கொடுக்கவே செய்யப்பட்டவை. சூரிய மின்னுக்கென்று தடித்த தட்டுள்ள பற்றரியைக் கேளுங்கள். லிதியம் இரும்பு பொஸ்பேற் வகையில் எண்பது வீதம்வரை எடுக்கலாம். 40 அம்பியர்-மணியே போதும், நீர் விடவும் தேவையில்லை. முதல் விலை கூட, ஆயுளும் கூட. ஆனால் கொன்றோலர் அந்த வகைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஈயப் பற்றரிக்கு வடிநீர் மட்டும் விடுங்கள். எமது கிணற்று நீரின் சுண்ணாம்பைக் கேத்தலின் அடியில் பார்த்திருப்பீர்கள். அது தட்டுகளுக்கு ஆகாது. பழைய பற்றரியுடன் புதியதைச் சேர்த்துக் கட்டவும் வேண்டாம், பழையது புதியதையும் இழுத்து விழுத்தும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஐதரசன் வாயு தீப்பற்றக்கூடியது. ஆகையால் பற்றரியை அடுப்படியிலோ கட்டிலுக்குக் கீழோ வையாமல், காற்றோட்டமான மூலையில், பிள்ளைகளின் கை எட்டாத பலகைமேல் வைத்து, நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.