கஞ்சி கட்டிதட்டுவது ஏன்?



திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி போன்ற நெசவூர்களில் பாவு நூலுக்குப் போடக் காய்ச்சும் அரிசிக்கஞ்சி, ஆறியபின் கட்டிதட்டுவதற்கு நீர் வற்றுவதே காரணம் என்னும் விடை பிழையானது. பாத்திரத்தை இறுக மூடி நீராவி வெளியேறாமல் காத்தாலும் கஞ்சி கட்டிதட்டும். சில நாள் கழித்து அந்தக் கட்டியிலிருந்தே நீர் கசிந்து பிரியும். நீர் போனதால் கட்டியாகவில்லை, கட்டியானதால் நீர் போகிறது.

மாவுச்சத்தில் பெரிதும் கிளையற்ற நீண்ட சங்கிலியாகிய அமைலோஸும், அடர்ந்து கிளைத்த அமைலோபெக்டினும் உள்ளன. கொதிக்கும்போது மாவுமணிகள் ஊதி, அமைலோஸ் நீரில் கசிந்து பரவுகிறது. ஆறும்போதோ அச்சங்கிலிகள் நீரைவிட அண்டைச் சங்கிலியையே விரும்பி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, அம்முறுக்குகள் கற்றைகளாகச் சேர்ந்து, பாத்திரம் முழுவதும் வலையாகப் படர்கின்றன. அமைலோபெக்டினின் திரட்சி நாள்கணக்கில் மெல்ல நிகழ்வது. மீண்டும் சுடவைத்தால் கொதிநிலைக்கு வெகுமுன்பே அது கலைந்துவிடும். அமைலோஸ் முடிச்சுகளோ 100 பாகையிலும் அவிழ்வதில்லை; பழங்கஞ்சியைச் சூடாக்கினாலும் திப்பிகள் எஞ்சி நூலில் சீராகப் படியாமல் போவது அதனால்தான்.

மாவுச்சத்தைப் போன்ற பலபடி என்பதே சிறு மூலக்கூறுகளின் தற்காலிகத் திரள் என்று அறிஞர் பலர் நம்பிய காலத்தில், அது உறுதியான வேதிப்பிணைப்பால் ஆன நெடுஞ்சங்கிலி என்று 1920இல் ஹெர்மான் ஸ்டாடிங்கர் வாதிட்டார். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வென்றது சங்கிலி உண்டு என்பதில். சங்கிலிகள் தம்முள் திரள்வதில்லை என்று அதற்குப் பொருள்கொண்டு, கரைந்தவை யாவும் தனித்தனியே மிதப்பதாகக் கற்பிப்பது பொறுக்கத்தக்கதன்று. வெறுமனே சிக்கிக்கிடக்கும் சங்கிலிகள் காலப்போக்கில் வழுக்கி விலகும்; பிணைந்து திரண்டவை விலகா. இவ்விரண்டையும் குழப்புவோர் கஞ்சியை ஒருநாளும் விளங்கிக்கொள்ளார்.

குளிர்ந்தால்தான் திரளும் என்று விதி வகுப்பதும் தவறு. ஆலைகளில் நூலுக்குப் பசையாகப் பயன்படும் புளியங்கொட்டை மாவிலுள்ள சைலோகுளுக்கன் என்னும் பலபடியின் முதுகெலும்பு, பருத்தியின் செல்லுலோஸை ஒத்தது; ஆயினும் பக்கக்கிளைகள் சங்கிலிகளை நெருங்கவிடாமல் தடுப்பதால் அது நீரில் கரைகிறது. அக்கிளைகளின் நுனியிலுள்ள காலக்டோஸில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் நொதியால் நீக்கினால், முதுகெலும்புகள் ஒன்றோடொன்று படிந்து திரள்கின்றன. அந்தக் கரைசல் அரிசிக்கஞ்சிக்கு நேர்மாறாகச் சூடேற்றும்போது கட்டியாகி, குளிரும்போது மீண்டும் நீர்மமாகிறது.