அறுவைப் பிரசவம்: அறிந்தால் அச்சமில்லை

"வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுப்பார்கள்" என்ற பேச்சே கேமரன் மலைத் தோட்டப் பெண்கள் பலரைக் கலங்க வைக்கிறது. நடப்பது இன்னதென்று அறிந்தால் அச்சம் குறையும்.

திட்டமிட்ட அறுவையைப் பொதுவாக 39 வாரம் நிறைந்த பின்பே வைப்பார்கள். நல்ல நட்சத்திரம் வேண்டி அதை முன்னே இழுக்கலாகாது. முந்திப் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் நேரலாம். மருத்துவர் தரும் நாட்களுக்குள் நல்ல நேரம் பார்ப்பதில் தவறில்லை.

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. அடிவாரத்து மருத்துவமனையில் நாள் குறித்தவர்கள் முதல் நாளே இறங்குவது நலம். அதற்கு முன் வலி கண்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ குறித்த நாளுக்குக் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அறுவைக்கு 6 மணி நேரம் முன்பிருந்தே உணவு கூடாது. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வர், தாய் விழித்தேயிருப்பாள். இழுப்பது தெரியும், வலி தெரியாது. சில நிமிடங்களில் குழந்தை வெளிவரும். தையல் முடிய ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

பின்னர், தாதியர் சொன்னதும் எழுந்து நடக்க வேண்டும். காலில் இரத்தம் கட்டாதிருக்க அதுவே வழி. பத்தியமென்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு, புண்ணில் சீழ், ஒரு காலில் வீக்கம் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

6 வாரம் வரை குழந்தையைவிடக் கனமானதைத் தூக்கலாகாது. கொழுந்துக் கூடையும் தண்ணீர் வாளியும் வீட்டார் பொறுப்பு. 2023 முதல் தகுதியுள்ள பெண் தொழிலாளிக்குச் சட்டப்படி சம்பளத்துடன் 98 நாள் விடுப்பு உண்டு.

மலையிறங்கும் ஒரு தாயின் வண்டிச் செலவை ஏற்பதும், அன்பர்களே, அன்னதானத்துக்கு இணையான தர்மமே.