அரண்மனைக் கூடத்தில் வெண்கலச் சிலைகள்

மாணவர்களே! நம் தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் கனத்த மண்சுவர் வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் உடம்பு குளிரும். தஞ்சை அரண்மனையில் கால் வைத்தபோது எனக்கு அந்த வீடுகளின் நினைவுதான் வந்தது.

நாயக்கர்கள் தொடங்கி மராத்தியர்கள் விரித்துக் கட்டிய அரண்மனை அது. சீனப் பேரரசர்களின் பீகிங் அரண்மனை 1925-இல் அருங்காட்சியகமானது போல, இங்கும் 1951-இல் கலைக்கூடம் அமைந்தது. திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த, 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனர் சிலை இங்கேதான் இருக்கிறது. அரசர் வியர்க்காமல் வீற்றிருக்கக் கட்டிய இடம் வெண்கலத்துக்கும் ஏற்றதுதானா?

முதலில் சுவரைப் பார்ப்போம். பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம் செங்கற்சுவருக்குள் ஓர் அலையைப் போலச் செல்கிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 12 செ.மீ. ஆழத்திலும் அந்த ஏற்ற இறக்கம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. நான்கு மணி நேரம் பின்தங்கியும் போகிறது. சுவர் 60 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் 15 டிகிரி ஏறி இறங்கினாலும், உட்புறத்தை எட்டுவது 0.1 டிகிரிதான்! மின்விசிறியே இல்லாத காலத்துக் கொத்தனாரின் கெட்டிக்காரத்தனம் இது.

ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் சுவர், வாசல் வழியே வரும் நீராவியைத் தடுப்பதில்லை. வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 கிராம் நீராவி இருப்பதாகக் கொள்வோம். 32 டிகிரியில் அக்காற்று 34 கிராம் வரை தாங்கும். எனவே ஒப்பு ஈரப்பதம் 59 விழுக்காடு. அதே காற்று கூடத்துக்குள் வந்து 28 டிகிரிக்குக் குளிர்ந்தால் 27 கிராம்தான் தாங்கும். ஈரப்பதம் 74 விழுக்காடாகிவிடும். ஒரு துளி நீரும் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நமக்கு இதமான இந்தக் குளிர்ச்சி சிலைக்கு ஆபத்தாகலாம். நெடுங்காலம் மண்ணில் புதைந்திருந்த வெண்கலத்தில் உப்பின் குளோரைடு ஊறியிருக்கக்கூடும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அது அமிலத்தை உண்டாக்கும். அமிலம் செம்பை அரிக்கும். அரித்த செம்பு மீண்டும் குளோரைடாகும். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நோய் உறங்கும். ஐப்பசி மழையில் தஞ்சைக் காற்று அதைவிட எவ்வளவோ ஈரமானது.

சென்னை அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையில் இத்தகைய சிலைகளுக்கு வைத்தியம் பார்த்தார். சிறிய சிலைகளைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்கலாம். ஆளுயரச் சிலைக்குப் பெட்டி செய்வது எளிதல்ல. அதற்குக் கூடத்தின் காற்றையே கவனித்தாக வேண்டும்.

இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றுங்கள். கனத்த சுவர் வீட்டின் உள்ளேயும் வெளியேயும் ஒரே நண்பகலில் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளும் எங்கே அதிகம் நெருங்குகின்றனவோ, அங்கேதான் ஒப்பு ஈரப்பதம் அதிகம்.