பீடி ஆசையும் மூச்சு ஜெபமும்

விபூதிப் புதனன்று ஒறுத்தலாகப் பீடியை விட்டுவிட்டு, பாஸ்குத் திருநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலுக்கு வெளியே முதல் பீடியைப் பற்றவைக்கும் தகப்பன்மாரை நாம் அறிவோம். மனவுறுதி இல்லாத மனுஷன் என்று வீட்டில் ஏசுகிறார்கள். தவக்காலம் முழுவதும் விட்டிருந்தவரை அப்படிச் சொல்வது நியாயமன்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி இராஜபாளையத்துப் பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போகிறவரை எண்ணிப் பாருங்கள். பஸ்ஸில் புகைக்க முடியாது. பஞ்சு பறக்கும் மில்லுக்குள் தீப்பெட்டியே கொண்டுபோகலாகாது. மணிக்கணக்காகப் பீடியின்றித்தான் இருக்கிறார். ஷிப்டு முடிந்து, கேட்டைத் தாண்டி, டீக்கடை பெஞ்சைக் கண்டவுடனே கை சட்டைப்பைக்குப் போகிறது! உடம்பில் நிக்கோட்டின் குறைந்தது ஒரு காரணம். அந்த இடமும் டீயும் கூட்டாளிகளும் மற்றொரு காரணம்.

இன்னொன்று. பீடியை அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துபோகும். ஆகவே அதைக் குடிப்பவர் ஆழமாக இழுத்து மெதுவாக விடுகிறார். "மனசு ஆறுது" என்கிறாரே, அந்த ஆறுதல் நிக்கோட்டின் பசி தீர்ந்ததால் வருவது; கொஞ்சம் அந்த நீண்ட மூச்சாலும், உட்கார்ந்த ஓய்வாலும் வருவது. நீண்ட மூச்சு விடப் புகை எதற்கு?

அர்ச். இஞ்ஞாசியார் எழுதிய ஞானப் பயிற்சி நூலுக்கு 1548-ல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகாரம் அளித்தார். அதில் சொல்லப்படும் ஜெப முறைகளுள் மூன்றாவது, மூச்சோடு ஜெபிப்பது. பரலோக மந்திரத்தில் ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மூச்சு வரும்வரை அவ்வார்த்தையின் பொருளிலோ, யாரை நோக்கிச் சொல்லுகிறோமோ அவரிலோ மனதை நிறுத்த வேண்டும். புகையை விடுவதற்கென்று அர்ச்சியசிஷ்டர் இதைச் சொல்லவில்லைதான். ஆனால் பீடி ஆசை எழுந்தால் பெரும்பாலும் சில நிமிஷங்களில் தணிந்துவிடும். ஒரு பரலோக மந்திரத்தை இம்முறையில் சொல்லி முடிக்கவும் அவ்வளவு நேரமாகும்.

டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபின் அல்ல, மில் கேட்டிலேயே தொடங்குங்கள். மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். தலை சுற்றினால் வழக்கமான மூச்சுக்குத் திரும்புங்கள். முதல் சில நாட்களே மிகவும் கடினம். எரிச்சலும் தூக்கமின்மையும் 2 முதல் 4 வாரங்களில் குறையும். தாய்மாரே, அதுவரை அவர் சிடுசிடுத்தால் வாய் கொடாதிருங்கள்.

மூச்சும் தியானமும் மட்டும் போதுமென்று மருத்துவ ஆராய்ச்சி நிரூபிக்கவில்லை. வைத்தியரிடம் போவதும், அவர் சொன்னால் நிக்கோட்டின் சூயிங்கம் மெல்வதும் விசுவாசக் குறைவல்ல. புகையிலையை விட விரும்புவோருக்கு மத்திய அரசு வைத்திருக்கும் இலவசத் தொலைபேசி எண் 1800 11 2356. காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் பீடி என்று கேட்டு, பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறதென்று வைத்தியர்கள் கணிப்பதுண்டு. அப்போது மனைவி பக்கத்தில் இருக்கிறாளே என்று குறைத்துச் சொல்லாதீர்கள்.